செத்த புல்லின் இடத்துக்கு வந்த புல்

இங்கிலாந்தில் புதிதாகக் கட்டிய வீட்டை வாங்கிக் குடியேறுகிறவர்களில் பலருக்கு முதல் குளிர்காலத்திலேயே ஒரு சோதனை வந்துவிடுகிறது. பின்பக்கத் தோட்டத்தில் கட்டுமான நிறுவனம் விரித்துக் கொடுத்த பச்சைப் புல்லின் மேல் மழைநீர் நிற்கிறது. ஒரு நாள் போனால் வடியும், ஒரு வாரம் போனால் வடியும் என்று பார்த்தால் வடிவதேயில்லை. பிள்ளைகள் இறங்கி ஓடினால் வீட்டுக்குள் முழுக்கச் சேறு. வசந்தம் பிறக்கும்போது புல் மஞ்சளித்து, அதன் இடத்தில் பாசி ஏறியிருக்கும். மறுபடி விதை தூவிப் பார்க்கிறார்கள். அதுவும் அழுகுகிறது. கடைசியில் ஒரு லாரி வந்து, சுருள் சுருளாகப் பிளாஸ்டிக் புல்லை இறக்கிவிட்டுப் போகிறது.

இந்தச் சுருள் எங்கே பிறந்தது, யாருக்காகச் செய்யப்பட்டது, எந்த வழியாக ஒரு களிமண் தோட்டத்துக்கு வந்து சேர்ந்தது என்று பின்தொடர்ந்து போனால் ஒன்று புலப்படுகிறது. செயற்கைப் புல்லின் வாழ்க்கையில் இரண்டு பெரிய திருப்பங்கள் உண்டு. இரண்டிலும், அது வருவதற்கு முன்பே கட்டடம் வந்து, அங்கிருந்த உயிருள்ள புல்லைக் கொன்றிருந்தது.

ஆய்வகமும் படுக்கை விரிப்பும்

இன்று வீட்டுத் தோட்டத்தில் விரிக்கப்படும் செயற்கைப் புல்லின் இழை பெரும்பாலும் பாலிஎத்திலீன். அது பிறந்ததே இங்கிலாந்தில்தான். 1933 மார்ச் 27 அன்று செஷயர் மாவட்டத்தின் நார்த்விச் ஊரில், ஐசிஐ நிறுவனத்தின் ஆய்வகத்தில் எரிக் ஃபாசெட், ரெஜினால்ட் கிப்சன் என்ற இருவர் எத்திலீன் வாயுவை மிக உயர்ந்த அழுத்தத்தில் வைத்துச் சோதித்தார்கள். அவர்கள் எதிர்பார்த்த வினை நடக்கவில்லை. கலனைத் திறந்தபோது மெழுகு போன்ற வெள்ளைப் பொருள் படிந்திருந்தது. இரண்டாம் உலகப்போரில் ரேடார் கருவிகளின் கம்பிகளுக்கு உறையாகி உதவிய அந்தப் பொருள், போருக்குப் பின் பையாகவும் குழாயாகவும் வாளியாகவும் உலகம் முழுக்கப் பரவியது.

இழையைத் துணியில் நடும் கலைக்கு வேர் வேறொரு நாட்டில் இருக்கிறது. அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் டால்டன் என்ற ஊர். 1895-இல் அங்கே கேத்தரின் எவன்ஸ் என்ற 15 வயதுப் பெண் ஒரு படுக்கை விரிப்பைச் செய்தார். தடித்த பருத்தி நூலைத் துணியில் குத்தி இழுத்து, நுனியை வெட்டி, பிரிந்து குஞ்சம் குஞ்சமாக நிற்கும்படி விட்டார். 1900-இல் அப்படி ஒரு விரிப்பை இரண்டரை டாலருக்கு விற்றார். கேட்டவர்கள் கூடக்கூட அக்கம்பக்கத்துப் பெண்களுக்கும் கற்றுக்கொடுத்தார். வீட்டுத் திண்ணைகளில் நடந்த அந்த வேலையைப் பிறகு இயந்திரங்கள் எடுத்துக்கொண்டன. படுக்கை விரிப்பு தரைவிரிப்பாயிற்று. டால்டன் தரைவிரிப்புத் தொழிலின் தலைநகரம் என்று பெயர் பெற்றது. இன்று செயற்கைப் புல் தயாராகும் முக்கியமான இடங்களில் அதுவும் ஒன்று. எவன்ஸ் தம் கையால் செய்த அதே வேலையைத்தான் நூற்றுக்கணக்கான ஊசிகள் வரிசையாக நின்று இப்போது செய்கின்றன.

கூரை கொன்ற புல்

1950-களின் இறுதியில் அமெரிக்காவில் ஒரு கவலை எழுந்தது. கிராமத்துப் பிள்ளைகளைவிட நகரத்துப் பிள்ளைகளின் உடல்திறன் குறைவாக இருக்கிறது, விளையாட இடமில்லை என்றார்கள். ஃபோர்டு அறக்கட்டளையின் ஆதரவில் இயங்கிய கல்விக் கட்டட ஆய்வகம், நகரப் பள்ளிகள் ஆண்டு முழுக்கப் பயன்படுத்தக்கூடிய விளையாட்டுத் தரை ஒன்று வேண்டும் என்று ஊக்குவித்தது. மான்சாண்டோவின் கிளை நிறுவனமான கெம்ஸ்ட்ராண்ட் அந்த வேலையில் இறங்கியது. 1964-இல் ரோட் ஐலண்ட் மாநிலத்தின் பிராவிடன்ஸ் நகரில், மோசஸ் பிரவுன் பள்ளியில் நைலான் இழையாலான தரை விரிக்கப்பட்டது. ‘கெம்கிராஸ்’ என்பது அதன் பெயர். ஆக, இந்தப் பொருள் நகரத்துப் பிள்ளைகளுக்காகப் பிறந்தது. நோக்கம் நல்ல நோக்கம்.

அதைப் புகழின் உச்சிக்குக் கொண்டுபோனது வேறொரு நெருக்கடி. 1965 ஏப்ரலில் டெக்சாஸின் ஹூஸ்டன் நகரில் ஆஸ்ட்ரோடோம் திறக்கப்பட்டது. கூரை போட்டு மூடிய மாபெரும் பேஸ்பால் அரங்கம் அது. உள்ளே உயிருள்ள பெர்முடா புல்லை வளர்த்தார்கள். அதற்கு வெயில் கிடைக்கட்டும் என்று கூரையில் 4,500-க்கும் மேற்பட்ட ஒளி ஊடுருவும் அக்ரிலிக் தகடுகளைப் பதித்திருந்தார்கள். பகல் ஆட்டத்தில் அந்தத் தகடுகளின் வழியே வந்த வெளிச்சம் வீரர்களின் கண்ணைப் பறித்தது. உயரே எழும்பிய பந்து கண்ணுக்குத் தெரியவில்லை. தகடுகளின் மேல் சாயம் பூசினார்கள். பந்து தெரிந்தது, புல் செத்தது. அந்த ஆண்டின் மிச்ச ஆட்டங்களைக் காய்ந்த புல்லின் மேலும், பச்சைச் சாயம் அடித்த மண்ணின் மேலும் ஆடி முடித்தார்கள்.

1966-இல் கெம்கிராஸ் ஆஸ்ட்ரோடோமுக்குள் வந்தது. அரங்கம் முழுவதற்கும் போதுமான அளவு தயாராகவில்லை என்பதால் முதலில் உள்வட்டத்தில் மட்டும் விரித்தார்கள். வெளிவட்டம் ஜூலையில் முடிந்தது. அதற்குப் பிறகுதான் ‘ஆஸ்ட்ரோடர்ஃப்’ என்ற பெயர் அதற்கு நிலைத்தது. கூரையைத் திருத்தி வெயிலை உள்ளே விடுவது கடினம். புல்லையே மாற்றிவிடுவது எளிது. அந்த எளிய வழியை ஹூஸ்டனில் உலகம் கற்றுக்கொண்டது.

மைதானத்திலிருந்து முற்றத்துக்கு

அடுத்த பத்தாண்டில் இந்தத் தரை ஒரு விளையாட்டின் தலைவிதியையே மாற்றியது. 1976 மாண்ட்ரியல் ஒலிம்பிக்கில் முதல்முறையாக ஹாக்கியைச் செயற்கைத் தரையில் ஆடினார்கள். 1928 முதல் ஒவ்வொரு ஒலிம்பிக்கிலும் ஹாக்கிப் பதக்கம் வாங்கிவந்த இந்தியா அங்கே ஏழாம் இடத்துக்குச் சரிந்தது. புல்தரையில் பந்தை அடக்கி, வளைத்து ஆடிப் பழகிய கைகளுக்கு, வழுக்கிக்கொண்டு பறக்கும் பந்து பிடிபடவில்லை. அந்த அணியில் ஆடிய தமிழ்நாட்டின் வாசுதேவன் பாஸ்கரன், நான்கே ஆண்டுகளில் மாஸ்கோவில் அதே வகைத் தரையில் அணித்தலைவராக நின்று தங்கம் வென்று வந்தார்.

இங்கிலாந்தின் கால்பந்து மைதானங்களுக்கு இது 1981-இல் வந்தது. லண்டனின் குயின்ஸ் பார்க் ரேஞ்சர்ஸ் தன் லாஃப்டஸ் ரோடு மைதானத்தில் முதலில் விரித்தது. லூட்டன், ஓல்டாம், பிரெஸ்டன் அணிகளும் பின்தொடர்ந்தன. பந்து கண்டபடி துள்ளியது. விழுந்த வீரர்களின் முழங்காலும் தொடையும் உராய்ந்து தோல் உரிந்தது. 1990-களின் நடுப்பகுதிக்குள் நான்கு அணிகளும் அதைப் பிடுங்கி எறிந்துவிட்டு உயிருள்ள புல்லுக்குத் திரும்பிவிட்டன.

அந்தத் தோல்வி இந்தப் பொருளை மென்மையாக்கியது. முதல் தலைமுறையில் நைலான். இரண்டாவதில் பாலிபுரோப்பிலீன் இழைகளுக்கு நடுவே மணல். 1990-களில் வந்த மூன்றாம் தலைமுறையில் நீண்ட, வழவழப்பான பாலிஎத்திலீன் இழை. தொட்டால் உறுத்தாது, விழுந்தால் சிராய்க்காது. இந்த மென்மை வந்த பிறகுதான் அது வீட்டு வாசலைத் தட்ட முடிந்தது. பாலிஎத்திலீன் மணிகளோடு பச்சை நிறமியும் வெயில் தாங்கும் வேதிப்பொருளும் கலந்து உருக்கி இழையாக இழுக்கிறார்கள். அடியில் பழுத்த புல் கிடப்பது போலத் தெரியச் சுருண்ட பழுப்பு இழையையும் சேர்க்கிறார்கள். இரண்டையும் நெய்த துணியில் ஊசியால் நட்டு, பின்புறம் லேடெக்ஸ் பூசி உலர்த்தி, நீர் இறங்க வரிசையாகத் துளையிடுகிறார்கள். 2 மீட்டர் அல்லது 4 மீட்டர் அகலச் சுருளாகக் கடைக்கு வருகிறது.

1830-இல் எட்வின் பட்டிங் புல்வெட்டும் இயந்திரத்துக்குக் காப்புரிமை வாங்கிய நாடு இங்கிலாந்து. சீராக வெட்டிய புல்தரை அந்த மக்களுக்கு வீட்டின் கௌரவம். மழைக்கும் குறைவில்லை. அப்படிப்பட்ட நாட்டில் பிளாஸ்டிக் புல் ஏன் வேண்டியிருக்கிறது என்பதற்கான பதில் அதன் மண்ணில் இருக்கிறது.

மண்ணுக்குச் செய்த தீங்கு

லண்டனும் அதைச் சுற்றிய பகுதிகளும் பெருமளவு ‘லண்டன் களிமண்’ என்ற படிவத்தின் மேல் நிற்கின்றன. சுமார் 5 கோடி ஆண்டுகளுக்கு முன் அங்கிருந்த கடலின் அடியில் படிந்த வண்டல் அது. தமிழர்கள் நிறைய வாழும் ஹாரோ வட்டாரமும் அதன் மேல்தான் இருக்கிறது. வடக்கே பெட்ஃபோர்டு பக்கம் போனால் ஆக்ஸ்போர்டு களிமண். அதைச் சுட்டுத்தான் கோடிக்கணக்கான ஃப்ளெட்டன் செங்கற்கள் செய்தார்கள்.

களிமண்ணின் துகள் 0.002 மில்லிமீட்டருக்கும் சிறியது, தட்டையானது. துகள்களுக்கு இடையில் நீர் புகுந்தால் எளிதில் வெளியேறாது. ஆனாலும் களிமண் தானாகவே கெட்ட மண் ஆகிவிடாது. நூறாண்டுப் பழைய வீடுகளின் தோட்டங்களில் இதே களிமண்ணில் ரோஜா செழித்துப் பூக்கிறது. வேர்கள் போட்ட வழி, மண்புழு துளைத்த வழி, கோடையில் வெடித்த பிளவு என்று நீர் இறங்க ஆயிரம் பாதைகள் அந்த மண்ணில் உண்டு. அந்தப் பாதைகள் உருவாகப் பல ஆண்டுகள் ஆகும். அழிய ஒரே கட்டுமானப் பருவம் போதும்.

வீட்டு மனை வேலை தொடங்கும்போது முதலில் மேல்மண்ணை வழித்து ஓரமாகக் குவிக்கிறார்கள். திறந்து கிடக்கும் அடிமண்ணின் மேல் மண் அள்ளும் இயந்திரம், டிப்பர், செங்கல் தூக்கும் வண்டி எல்லாம் மாதக்கணக்கில் ஓடுகின்றன. ஈரத்தில் ஓடும்போதுதான் கெடுதல் அதிகம். நம் காவிரிப் படுகை விவசாயிக்கு இது நன்றாகப் புரியும்: நாற்று நடுமுன் சேற்றுழவு ஓட்டி, களிமண்ணைக் கலக்கி, நீர் கீழே இறங்காதபடி வயலின் அடியை அவர் வேண்டுமென்றே இறுக்குகிறார். இங்கிலாந்தின் புது மனைகளில் அதே காரியம், யாரும் கேட்காமல், தோட்டம் வரவேண்டிய இடத்தில் நடந்துவிடுகிறது. கடைசியில் செங்கல் துண்டும் கலவைக் கட்டியும் கிடக்கும் அந்த இறுகிய தரையின் மேல் சில அங்குலம் மேல்மண்ணைப் பரப்பி, சுருட்டி வந்த உயிர்ப்புல்லை விரித்து, சாவியைக் கொடுத்துவிடுகிறார்கள். வேர் கீழே போக வழியில்லை, நீருக்கும் வழியில்லை.

இதைத் தடுக்க வழிமுறை இல்லாமல் இல்லை. கட்டுமான இடங்களில் மண்ணை எப்படிப் பேண வேண்டும் என்று பிரிட்டிஷ் அரசின் சுற்றுச்சூழல் துறை 2009-இலேயே நடைமுறைக் கையேடு ஒன்றை வெளியிட்டது. வண்டி ஓடும் தடத்தை ஒதுக்கி வை, ஈர மண்ணைக் கையாளாதே, மேல்மண் பரப்பும் முன் அடிமண்ணைக் கிளறி இளக்கு என்பவை அதன் சாரம். ஆனால் அது வழிகாட்டிதான். சட்டக் கட்டாயம் கிடையாது. புது வீடுகளுக்கு உத்தரவாதம் வழங்கும் என்ஹெச்பிசி அமைப்பின் தரவிதி, வீட்டிலிருந்து 3 மீட்டருக்குள் தோட்டத்தில் நீர் தேங்கக் கூடாது என்கிறது. மேல்மண் குறைந்தது 100 மில்லிமீட்டர் வேண்டும் என்கிறது. நான்காவது மீட்டரில் நிற்கும் தண்ணீர் வீட்டுக்காரரின் பாடு.

ஹூஸ்டனில் கூரை கொன்றது. இங்கே வண்டிச் சக்கரம் கொன்றது. இரண்டு இடத்திலும் காரணத்தைத் திருத்தாமல், காலியான இடத்தை நிரப்ப அதே பொருளை அழைத்தார்கள்.

களிமண்ணில் வெட்டிய தொட்டி

பிளாஸ்டிக் புல்லை விரிக்கும் வேலை பெரிய வேலை. இருக்கும் புல்லையும் மண்ணையும் 75 முதல் 100 மில்லிமீட்டர் ஆழத்துக்கு வெட்டி எடுக்க வேண்டும். களை முளைக்காமல் இருக்கத் துணி விரித்து, அதன் மேல் உடைத்த ஜல்லியைப் பரப்பி இடிக்க வேண்டும். மேலே பாறைத்தூளோ மணலோ போட்டு மட்டம் பார்த்து, புல்லை விரித்து, இணைப்புகளைப் பட்டையும் பசையும் வைத்து ஒட்டி, உலர்ந்த சிலிக்கா மணலைத் தூவித் துடைப்பத்தால் தேய்த்து இறக்க வேண்டும்.

இப்போது மழை பெய்கிறது. இந்தப் புல் ஒரு சதுர மீட்டரில் நிமிடத்துக்கு 50 லிட்டர் வரை நீரைக் கீழே விடும் என்கிற மாதிரி விளம்பரங்கள் சொல்லும். அது மணிக்கு 3,000 மில்லிமீட்டர் மழைக்குச் சமம். ஆனால் நீர் போய்ச் சேரும் களிமண், ஐநா உணவு வேளாண்மை அமைப்பு தரும் பொதுக் கணக்குப்படி, மணிக்கு 1 முதல் 5 மில்லிமீட்டர்தான் உள்வாங்கும். இறுகிய களிமண் அதையும் வாங்காது. 40 சதுர மீட்டர் தோட்டத்தில் 20 மில்லிமீட்டர் மழை பெய்தால் 800 லிட்டர். வெட்டிய பள்ளம் ஒரு தொட்டி. அத்தனை நீரும் ஜல்லிக்குள் நின்றுவிடுகிறது. உயிர்ப்புல்லாக இருந்தால் கோடை நாளில் வேரால் உறிஞ்சி இலை வழியே கொஞ்சம் நீரை வானத்துக்கு அனுப்பும். பிளாஸ்டிக்குக்கு அந்தத் திறன் இல்லை.

கண்ணுக்குச் சேறு தெரியாது. ஆனால் கால் வைத்தால் சளக்கென்கிறது. நாய் வளர்க்கும் வீட்டில் சிறுநீர் கீழே இறங்காமல் தங்கி நாறுகிறது. கோடையில் களிமண் சுருங்கும்போது தரை ஏறி இறங்கி, இணைப்புகள் வாய் பிளக்கின்றன. களிமண் எவ்வளவு சுருங்கும் என்பதை இங்கிலாந்து 1976 வறட்சியில் பார்த்தது. ஏராளமான வீடுகளின் சுவரே விரிசல் விட்டது.

ஆகவே களிமண்ணில் செயற்கைப் புல் போட்டாலும் வடிகால் வேலையிலிருந்து தப்ப முடியாது. தரைக்குச் சரிவு கொடுக்க வேண்டும். தூசி நிறைந்த ஜல்லியைத் தவிர்த்து, இடைவெளி விடும் கழுவிய ஜல்லியைப் போட வேண்டும். துளையிட்ட குழாயைத் துணி சுற்றி ஜல்லிக்குள் பதித்து, நீர் வெளியேறும் ஓரிடத்துக்கு இட்டுச் செல்ல வேண்டும். குழி வெட்டி நீரை மண்ணுக்குள் விடும் உறிஞ்சுகுழி, பெயருக்கேற்ப உறிஞ்சும் மண் இருந்தால்தான் உதவும். கட்டடத்திலிருந்து 5 மீட்டர் தள்ளி அதை அமைக்க வேண்டும் என்பது அந்நாட்டு விதி. மழைநீர் வடிகாலில் இணைக்க அனுமதி வேண்டும். கழிவுநீர்க் குழாயில் விடக் கூடாது. இத்தனையும் செய்து முடித்த தோட்டத்தில் உயிருள்ள புல்லே நன்றாக வளரும் என்பதை விற்பவர்கள் சொல்வதில்லை.

வெயிலும் முடிவும்

இந்தப் புல்லின் கடைசிக் காலத்தையும் பார்த்துவிட வேண்டும். வெயிலில் அது சுடும். அமெரிக்காவின் பிரிகாம் யங் பல்கலைக்கழகத்தில் 2002-இல் அளந்தபோது, 37 டிகிரி செல்சியஸ் நாளில் செயற்கைத் தரையின் மேற்பரப்பு 93 டிகிரியைத் தொட்டது. அது யூட்டாவின் கடும் வெயில்தான். ஆனால் 2022 ஜூலை 19 அன்று இங்கிலாந்தின் கோனிங்ஸ்பியிலும் 40.3 டிகிரி பதிவாகிவிட்டது.

இழை தேய்ந்து உதிர்கிறது. ஸ்பெயினில் பார்சிலோனா கரையோரக் கடலிலும் குவாடல்கிவிர் ஆற்றிலும் எடுத்த மாதிரிகளை ஆராய்ந்த பார்சிலோனா பல்கலைக்கழகத்தினர், கண்ணுக்குத் தெரியும் பிளாஸ்டிக் துண்டுகளில் 15 சதவீதத்துக்கு மேல் செயற்கைப் புல் இழையாக இருக்கக்கூடும் என்று 2023-இல் தெரிவித்தார்கள். மைதானங்களில் நிரப்பும் ரப்பர் துகளை 2031-க்குப் பின் விற்கக் கூடாது என்று ஐரோப்பிய ஒன்றியம் அதே ஆண்டு விதி செய்தது. வீட்டுப் புல்லுக்கு ஆயுள் பத்து முதல் இருபது ஆண்டு. அதற்குப் பின் மணலும் லேடெக்ஸும் இருவகைப் பிளாஸ்டிக்கும் ஒட்டிப்போன அந்தக் கனத்த சுருளைப் பிரித்து மறுசுழற்சி செய்வது கடினம். பெரும்பாலும் குப்பைமேட்டுக்கோ எரி உலைக்கோ போகிறது.

பிரிட்டனின் அரச தோட்டக்கலைச் சங்கம் 2022-இல் செல்சி உள்ளிட்ட தன் மலர்க் கண்காட்சிகளிலிருந்து செயற்கைப் புல்லை விலக்கியது. அதன் கவலை நியாயமானது. மைனாவின் குடும்பத்தைச் சேர்ந்த ஸ்டார்லிங் பறவை புல்தரையைக் கொத்திப் புழு தின்று வாழ்வது. பிரிட்டனின் ஆபத்துப் பட்டியலில் அது சிவப்பு வரிசையில் இருக்கிறது. நம் ஊர் வாசலிலும் வளர்ந்த சிட்டுக்குருவியும் அதே வரிசையில்தான். பிளாஸ்டிக்கின் அடியில் அவற்றுக்கு இரை இல்லை.

இதைப் போட்டவர்களைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. சக்கர நாற்காலியில் தோட்டத்துக்கு வர வேண்டியவர், தள்ளாத வயதில் புல் வெட்ட முடியாதவர், ஓடித் திரியும் பிள்ளைகளை ஆறு மாதம் வீட்டுக்குள் அடைத்துவைக்க முடியாத தாய் என்று ஒவ்வொருவருக்கும் காரணம் உண்டு. தவறு அவர்களிடம் தொடங்கவில்லை. மண்ணை மிதித்துக் கெடுத்துவிட்டுப் பச்சையைப் போர்த்தி விற்ற இடத்தில் தொடங்கியது. கட்டுமானக் கையேடு சொல்லும் மண் பாதுகாப்பு சட்டமாக வேண்டும். 3 மீட்டர் என்ற எல்லை தோட்டம் முழுவதுக்கும் நீள வேண்டும்.

அதுவரை, அந்நாட்டில் புது வீடு வாங்கும் நம்மவர்களுக்கு ஒரு வேண்டுகோள். சாவி வாங்கும் முன் அடிமண்ணை இளக்கினார்களா என்று எழுத்தில் கேளுங்கள். தோட்டத்தில் ஓர் அடி ஆழம் குழி தோண்டி நீர் ஊற்றுங்கள். மறுநாளும் நிற்கிறதென்றால் உத்தரவாதக் காலத்திலேயே முறையிடுங்கள். இலையுதிர் காலத்தில் மண் அதிக ஈரமும் அதிகக் காய்ச்சலும் இல்லாதபோது தோட்ட முள்கரண்டியால் ஆழமாகக் குத்தி இளக்கி மக்கு உரம் இடுங்கள். ஒவ்வோர் ஆண்டும் செய்யுங்கள். ஈரத்தில் மிதிக்காதீர்கள். ஆழ வேர் விடும் புல் வகையும் குளோவரும் கலந்து விதையுங்கள். தாழ்ந்த மூலையில் நீரை விரும்பும் செடிகளை வையுங்கள். பிளாஸ்டிக் புல்தான் வேண்டும் என்ற நிலை வந்தால், தேவையான சிறு இடத்துக்கு மட்டும் போடுங்கள். அதற்கும் முன்னால் வடிகாலைப் பதியுங்கள். முதலில் மண்ணுக்கு வழி விடுங்கள். எந்தப் புல் என்பதை அதன் பிறகு முடிவு செய்யுங்கள்.